ஆற்றோடு போன வைக்கிங்குகள்: இதெல்லாம் தெரியுமா?

ரூஸ் என்ற பெயர் ஐரோப்பிய ஏட்டில் ஏறிய முதல் நாளே, அந்தப் பெயருக்கு உரியவர்கள் உளவாளிகளாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் பிடித்து வைக்கப்பட்டார்கள், தெரியுமா?

வருடம் 839. மே மாதம். ரைன் நதிக்கரையில் இங்கெல்ஹைம் அரண்மனை. பிராங்கியப் பேரரசர் லூயியின் முன்னால் கான்ஸ்டாண்டினோபிளிலிருந்து வந்த தூதுக்குழு நிற்கிறது. அதோடு ஒட்டிக்கொண்டு சில புதுமுகங்கள். பைசாண்டியப் பேரரசர் தியோபிலோஸ் அவர்களுக்காகக் கடிதமே கொடுத்து அனுப்பியிருக்கிறார். இவர்கள் வந்த வழியில் கொடிய கூட்டங்கள் இருக்கின்றன, அந்த வழியே திரும்பினால் ஆபத்து, உங்கள் நாட்டு வழியாகப் பத்திரமாக ஊர் சேர உதவுங்கள் என்று கோரிக்கை. வந்தவர்கள் தங்களை ரூஸ் என்றார்கள். தங்கள் அரசருக்குக் ககான் என்று பட்டம் சொன்னார்கள். ககான் என்பது ஸ்தெப்பிப் புல்வெளிக் குதிரைக் கூட்டங்களின் பட்டம். லூயிக்குப் பொறி தட்டியது. தோண்டித் துருவி விசாரித்தால், ஆட்கள் ஸ்வீடன்காரர்கள்! அப்போது லூயியின் கடலோர ஊர்களைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்த வடக்கத்திக்காரர்களின் சொந்தக்காரர்கள். விடுவாரா? உண்மை தெரியும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று நிறுத்தி வைத்துவிட்டு, தியோபிலோஸுக்குப் பதில் கடிதம் போட்டார்.

ஸ்வீடன் உடம்பு, துருக்கியப் பட்டம், கிரேக்கச் சிபாரிசு, ஜெர்மானியக் காவல். இத்தனையும் ஒரே விசாரணையில்! பால்டிக் கடலோரத்து ஆட்கள் பைசாண்டியத் தலைநகரில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டால், பதில் ஆறுகளில் இருக்கிறது.

வைக்கிங் என்றதும் கொம்பு வைத்த தலைக்கவசம் நினைவுக்கு வந்தால் அதை உடனே கழற்றி வைத்துவிடுங்கள். அது 19-ஆம் நூற்றாண்டு ஆப்பரா மேடை கொடுத்த அலங்காரம். மேற்கே இங்கிலாந்தையும் பிரான்ஸையும் அலற விட்டவர்களின் கதையைச் சினிமா போதுமான அளவு சொல்லிவிட்டது. கிழக்கே போனவர்களின் கதை அதைவிட விசித்திரம். அங்கே வாளோடு தராசும் போனது. அவர்களுடைய கல்லறைகளில் மடித்துப் பையில் வைக்கக்கூடிய குட்டித் தராசுகளும் எடைக்கற்களும் கிடைத்திருக்கின்றன.

இந்தக் கிழக்குப் பயணம் எப்போது தொடங்கியது தெரியுமா? இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடம் 793-இல் சூறையாடப்பட்டதிலிருந்துதான் வைக்கிங் காலத்தைக் கணக்கிடுவது வழக்கம். ஆனால் 2008-இல் எஸ்டோனியாவின் சாரெமா தீவில், சால்மே என்ற ஊரில், மின்கம்பி புதைக்கப் பள்ளம் தோண்டியவர்கள் ஒரு கப்பலையே கண்டார்கள். பிறகு இன்னொன்று. இரண்டிலும் சேர்த்து 41 ஆண்கள், ஆயுதங்களோடு புதைக்கப்பட்டிருந்தார்கள். காலம் ஏறத்தாழ 750. ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள். மரபணுவைச் சோதித்துப் பார்த்தால் அவர்களில் நான்கு பேர் உடன்பிறந்த சகோதரர்கள், பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஒருவரின் வாயில் பலகை விளையாட்டின் ராஜா காய்! லிண்டிஸ்பார்னுக்கு நாற்பது வருடம் முன்னாலேயே இவ்வளவும் நடந்து முடிந்திருக்கிறது.

அதே சமயத்தில் ரஷ்யாவின் வடமேற்கில், வோல்கோவ் ஆற்றங்கரையில், லடோகா என்ற சந்தை ஊர் முளைக்கிறது. அங்கே கிடைத்த மிகப் பழைய கட்டட மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அந்த மரம் 753-இல் வெட்டப்பட்டது என்று தெரிந்தது. ஒரு கொல்லரின் கருவிப்பெட்டிச் சரக்கு அப்படியே கிடைத்தது. இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள், கூடவே ஓடின் கடவுளை நினைவூட்டும் குட்டி வெண்கல முகம். லடோகாவில் வராங்கியர் தெரு என்று இன்றும் ஒரு தெரு இருக்கிறது. வராங்கியர் என்றால் இந்த வடநாட்டு ஆட்கள்தான்.

குளிரும் கொசுவும் நிறைந்த அந்தக் காட்டுக்கு எதற்காக வந்தார்கள்? வெள்ளிக்காக!

அப்பாஸிய கலீபாக்களும், பிறகு மத்திய ஆசியாவின் சாமானித் வம்ச அரசர்களும் அச்சடித்த திர்ஹம் நாணயங்கள் ஆறு வழியாக வடக்கே பாய்ந்தன. எவ்வளவு பாய்ந்தன என்று அறிய ஸ்வீடனின் கோட்லாந்து தீவுக்குப் போக வேண்டும். 1999-இல் ஸ்பில்லிங்ஸ் என்ற பண்ணையில், புதையல் திருடர்களைப் பற்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் படப்பிடிப்பு நடந்தது. படம் எடுத்தவர்கள் கிளம்பிய பிறகும் ஆய்வாளர்கள் உலோகம் தேடும் கருவியோடு வயலில் நடந்துகொண்டிருந்தார்கள். கருவி அலறியது! பழைய கட்டடத் தரைக்கு அடியிலிருந்து வந்தது 67 கிலோ வெள்ளி. 14,295 நாணயங்கள், பெரும்பாலும் இஸ்லாமிய நாடுகளில் அச்சானவை. உலகில் இதுவரை கிடைத்த வைக்கிங் கால வெள்ளிப் புதையல்களில் இதுதான் மிகப் பெரியது. கேமராக்காரர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அந்தக் குவியலுக்குள் ஒரு நாணயம் தனி ரகம். பார்வைக்கு அரபு திர்ஹம். எழுத்தும் அரபு எழுத்து. ஆனால் அதில் இறைத்தூதராகக் குறிப்பிடப்பட்டிருப்பவர் மோசே! ஸ்தெப்பிப் புல்வெளியை ஆண்ட, யூத மதத்தைத் தழுவிய கசார் அரசர்கள் 830-களில் வெளியிட்ட நாணயம் அது. யூத அரசர், அரபு எழுத்து, ஸ்வீடன் பண்ணை. இதற்கு மேல் ஒரு நாணயம் எங்கே சுற்றும்?

(ஸ்வீடனின் ஹெல்கோ தீவில் 1950-களில் ஒரு புத்தர் சிலையே கிடைத்தது, தெரியுமா? இன்றைய பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்குப் பக்கம் செய்த, ஒரு சாணுக்கும் குறைவான வெண்கலப் புத்தர். வைக்கிங் காலத்துக்கு முன்னாலேயே வார்க்கப்பட்டவர். எத்தனை கை மாறி வந்தாரோ, தாமரை மேல் அமைதியாக உட்கார்ந்தபடியே ஸ்டாக்ஹோம் பக்கத்து ஏரிக்குப் போய்விட்டார்.)

சரி, வெள்ளி சும்மா வருமா? பதிலுக்கு என்ன கொடுத்தார்கள்? 9-ஆம் நூற்றாண்டில் அப்பாஸியர்களின் தபால் துறை அதிகாரியாக இருந்த இப்னு குர்தாத்பிஹ் பட்டியல் தருகிறார். பீவர் தோல், கறுப்பு நரித் தோல், வாள். சில சமயம் இந்த ரூஸ் வணிகர்கள் ஒட்டகத்தில் சரக்கேற்றிக்கொண்டு பாக்தாத் வரைக்குமே வந்தார்களாம்! அங்கே ஸ்லாவிய அடிமைகள் மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். வந்தவர்கள் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லி அதற்கான வரியைக் கட்டினார்கள். சிலை வணங்கி என்றால் தொல்லை, கிறிஸ்தவன் என்றால் வரியோடு போகும். வியாபாரி மூளை!

இந்த இடத்தில் வியப்பைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. பட்டியலில் சொல்லாத இன்னொரு சரக்கு உண்டு. மனிதர்கள். காட்டோர ஊர்களில் பிடித்த ஆண்களும் பெண்களும் அதே ஆறுகளில், அதே படகுகளில் போனார்கள். கோட்லாந்துப் புதையலின் எடையில் எவ்வளவு தோலுக்கு வந்தது, எவ்வளவு மனிதருக்கு வந்தது என்று பிரிக்க எந்தத் தராசும் இல்லை. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வெள்ளி அவ்வளவு அழகாக மின்னும்போது இது மறந்துபோகிறது.

அந்த வியாபாரிகளை நேரில் பார்த்து, முகம் சுளித்து, ஆனாலும் கண்ணெடுக்காமல் பார்த்து எழுதியவர் ஒருவர் இருக்கிறார். இப்னு ஃபத்லான். கலீபா முக்ததிரின் தூதுக்குழுவில் 921-இல் பாக்தாதிலிருந்து புறப்பட்டு, 922 மே மாதம் வோல்கா பல்கார் அரசரின் ஊரை அடைந்தவர். அங்கே ஆற்றங்கரையில் ரூஸ் வணிகர்கள் மரக்குடில் போட்டுத் தங்கியிருந்தார்கள். பேரீச்ச மரம் போன்ற உயரம், இவ்வளவு கட்டான உடம்பை நான் பார்த்ததே இல்லை என்று முதலில் வியக்கிறார். நகக்கண் முதல் கழுத்து வரை பச்சை குத்தியதுபோல் கருஞ்சித்திரங்கள் என்கிறார். அடுத்த மூச்சிலேயே, கடவுள் படைத்ததிலேயே அழுக்கானவர்கள் என்று போட்டுத் தாக்குகிறார். ஏன் தெரியுமா? காலையில் பணிப்பெண் ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவருகிறாள். முதலாளி முகம் கை கழுவி, தலையை அதிலேயே நனைத்துச் சீவி, அதிலேயே மூக்கைச் சிந்தித் துப்புகிறார். பாத்திரம் அப்படியே அடுத்தவருக்குப் போகிறது. அதே தண்ணீர்! அவரும் அதே வேலை. குடிலில் உள்ள அத்தனை பேரையும் சுற்றி முடிக்கிறது. தொழுகைக்கு முன்னால் ஓடும் நீரில் உளூ செய்து, அதாவது கை கால் முகம் கழுவிப் பழகிய பாக்தாத்காரருக்குக் குமட்டியதில் ஆச்சரியம் இல்லை.

பெண்களின் கழுத்தைப் பார்த்தே கணவனின் வங்கிக் கணக்கைச் சொல்லிவிடலாமாம். பத்தாயிரம் திர்ஹம் சேர்ந்தால் ஒரு கழுத்து வளையம். இருபதாயிரத்துக்கு இரண்டு. வியாபாரி வந்திறங்கியதும் முதல் வேலையாக ரொட்டி, இறைச்சி, வெங்காயம், பால், மது எல்லாம் எடுத்துக்கொண்டு, முகம் செதுக்கிய மரத்தூணின் முன்னால் போய் விழுகிறான். வேண்டுதல் என்ன? கை நிறைய திர்ஹம் வைத்திருக்கிற, சொன்ன விலைக்கு மறுபேச்சு பேசாமல் வாங்குகிற ஒரு வாடிக்கையாளரை அனுப்பு சாமி! ஆயிரத்து நூறு வருடம் ஆகியும் கடைக்காரர்களின் வேண்டுதல் அதிகம் மாறியதாகத் தெரியவில்லை.

ஆனால் அவர் எழுதியதில் படித்தவர் மறக்க முடியாத பகுதி, ஒரு தலைவரின் ஈமச்சடங்கு. இறந்தவரைப் பத்து நாள் குழியில் வைத்துவிட்டு அவருக்கு உடை தைக்கிறார்கள். சொத்தில் மூன்றில் ஒரு பங்கு குடும்பத்துக்கு, ஒரு பங்கு உடைக்கு, ஒரு பங்கு சடங்கு நாளில் குடிக்க வேண்டிய மதுவுக்கு! கப்பலைக் கரையேற்றி, பட்டு மெத்தை விரித்து, அவரை உட்கார வைக்கிறார்கள். அவரோடு சாக ஓர் அடிமைப்பெண் ஒப்புக்கொள்கிறாள். ஒப்புக்கொண்ட பிறகு பின்வாங்க முடியாது, ஆள் காவல் உண்டு. கதவுச் சட்டம் போன்ற ஒன்றின் மேலே அவளை மூன்று முறை தூக்கிக் காட்டுகிறார்கள். அவள் தன் பெற்றோரையும், இறந்த உறவினரையும், கடைசியாகத் தன் எஜமானையும் மறு உலகில் காண்பதாகச் சொல்கிறாள். மதுக் கிண்ணம் கொடுக்கிறார்கள். கூடாரத்துக்குள் போக அவள் தயங்குவதையும், மரண தேவதை என்று அழைக்கப்பட்ட கிழவி அவள் தலையைப் பிடித்து உள்ளே இழுப்பதையும் இப்னு ஃபத்லான் பார்க்கிறார். வெளியே ஆண்கள் கேடயங்களைத் தட்டிச் சத்தம் எழுப்புகிறார்கள். அவள் அலறல் மற்ற பெண்களின் காதில் விழக்கூடாது என்பதற்காக. பிறகு கப்பலுக்கு நெருப்பு.

பக்கத்தில் நின்ற ரூஸ் ஒருவர் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ முணுமுணுத்தாராம். என்ன என்று இவர் கேட்க, அரபியர்களே நீங்கள் முட்டாள்கள், நேசித்தவரைப் புழு தின்ன மண்ணில் போடுகிறீர்கள், நாங்கள் நொடியில் சொர்க்கத்துக்கு அனுப்பிவிடுகிறோம் என்பதுதான் சேதி. அதையும் மறைக்காமல் எழுதி வைத்தார் பாருங்கள், அங்கேதான் இப்னு ஃபத்லான் பெரிய எழுத்தாளர். இந்தக் குறிப்பின் நல்ல கைப்பிரதி 1923-இல் ஈரானின் மஷ்ஹத் நகர நூலகத்தில்தான் அகப்பட்டது.

வோல்கா ஒரு வழி. இன்னொரு வழி நீப்பர். அது கான்ஸ்டாண்டினோபிளுக்குப் போகிற வழி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற வழி. அதை விவரித்தவர் யார் தெரியுமா? ஒரு பேரரசர்! பைசாண்டியத்தின் ஏழாம் கான்ஸ்டன்டைன், 950 வாக்கில், தன் மகனுக்கு ராஜ்ய ரகசியங்களைச் சொல்லிக் கொடுக்க எழுதிய நூலில்.

மரத்தைக் குடைந்து செய்த படகுகள் நோவ்கோரத், ஸ்மோலென்ஸ்க் என்று பல ஊர்களிலிருந்து வந்து கீவ் நகரில் சேரும். ஜூன் மாதம் கூட்டமாகப் புறப்படும். தெற்கே போகப் போக ஆற்றின் குறுக்கே பாறை அடுக்குகள். நீர் சீறிப் பாயும் இடம் ஒன்றல்ல, ஏழு என்று பேரரசர் பெயர் சொல்லி எழுதுகிறார். ஒவ்வொன்றுக்கும் ரூஸ் மொழியில் ஒரு பெயர், ஸ்லாவிய மொழியில் ஒரு பெயர். ரூஸ் மொழிப் பெயர்கள் அச்சு அசலாக ஸ்காண்டிநேவியப் பெயர்கள். முதல் பாய்ச்சலில் ஆட்கள் துணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, வெறுங்காலால் பாறையைத் தடவித் தடவி, படகை ஓரமாக நகர்த்துவார்கள். முன்னால் சிலர், நடுவில் சிலர், பின்னால் சிலர், கையில் நீண்ட கழி.

நான்காவது பாய்ச்சல் வந்தால் அந்த வித்தையும் செல்லாது. பெயர் ஐஃபோர். பெலிக்கன் பறவைகள் கூடு கட்டும் இடம். படகை மொத்தமாகக் கரையேற்ற வேண்டும். ஒரு கூட்டம் காவலுக்குப் போகும், ஏனென்றால் ஸ்தெப்பியின் பெச்செனெக் குதிரை வீரர்கள் இந்த இடத்துக்காகவே காத்திருப்பார்கள். மற்றவர்கள் சரக்கைச் சுமந்து, சங்கிலியில் பிணைத்த அடிமைகளை நடத்திக்கொண்டு, ஆறு மைல் போவார்கள். படகைப் பாதி தூரம் இழுத்தும் பாதி தூரம் தோளில் சுமந்தும் கொண்டுபோவார்கள். எல்லாப் பாய்ச்சலும் தாண்டியதும் ஒரு தீவு. அங்கே ஒரு பிரம்மாண்ட ஓக் மரம். அதன் அடியில் சேவலை அறுப்பதா, தின்பதா, உயிரோடு விடுவதா என்று சீட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். இத்தனையும் ஒரு கிரேக்கப் பேரரசர் எழுதி வைத்த குறிப்பு!

சரி, இவரை நம்பலாமா? நம்பலாம். கோட்லாந்தில் பில்கோர்ட்ஸ் என்ற இடத்தில், ரூன் என்ற பழைய வடநாட்டு எழுத்தில் வெட்டிய ஒரு கல் கிடைத்தது. ஹெக்பியோர்ன் என்பவரும் அவர் சகோதரர்கள் மூவரும் ராஃப்ன் என்ற இறந்துபோன தோழருக்காக எழுப்பியது. அவர்கள் நெடுந்தூரம் போய்ச் சேர்ந்ததாக அந்தக் கல் சொல்லும் இடம் எது? ஐஃபுர்! பேரரசர் அரண்மனையில் உட்கார்ந்து எழுதிய அதே பெயரை, அங்கே தோழனைப் பறிகொடுத்தவர்கள் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பாறைகளைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். நீப்பர் மின்நிலைய அணை 1932-இல் அத்தனையையும் மூழ்கடித்துவிட்டது.

நீப்பர் கருங்கடலில் கலக்கும் இடத்தில் பெரேசான் தீவு. அங்கே 1905-இல் இன்னொரு ரூன் கல் கிடைத்தது. கிரானி என்பவன் தன் கூட்டாளி கார்லுக்காக எழுப்பியது. அவ்வளவுதான் செய்தி. கூட்டு வியாபாரத்தில் ஒருவன் செத்தான், மற்றவன் கல் வைத்தான்.

வியாபாரத்துக்குப் போனவர்கள் எல்லாரும் வியாபாரம் மட்டும் செய்யவில்லை. 860 ஜூன் 18-ஆம் தேதி, பேரரசர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, ரூஸ் கப்பல்கள் கான்ஸ்டாண்டினோபிள் வாசலில் வந்து நின்றன. 941-இல் கீவின் இகோர் இளவரசர் பெரும் படகுப் படையோடு போனபோது, பைசாண்டியர்களிடம் கைவசம் இருந்தவை பதினைந்து பழைய கப்பல்கள். ஆனால் அவற்றில் கிரேக்க நெருப்பு இருந்தது, தண்ணீரிலும் அணையாத திரவத் தீ! ரூஸ் வீரர்கள் தீயைவிடக் கடல் மேல் என்று குதித்தார்கள். கவசத்தின் கனம் பலரை மூழ்கடித்தது. கிழக்கே இன்னொரு கூட்டம் 943-இல் இன்றைய அசர்பைஜானின் பர்தா நகரைப் பிடித்து உட்கார்ந்தது. அவர்களைத் தோற்கடித்ததில் பெரிய பங்கு யாருக்கு தெரியுமா? பழத்துக்கு! வடக்கே காணாத பழங்களை அளவில்லாமல் தின்று நோய் பரவிக் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் இப்னு மிஸ்கவைஹ். அவர்கள் போன பிறகு உள்ளூர்க்காரர்கள் கல்லறைகளைத் தோண்டி, கூடவே புதைத்திருந்த வாள்களை எடுத்துக்கொண்டார்களாம். அவ்வளவு தரமான வாள்.

அடி, பதிலடி, பிறகு பேச்சுவார்த்தை. ரஷ்யப் பழைய வரலாற்றுத் தொகுப்பில் பாதுகாக்கப்பட்டிருக்கும் பைசாண்டிய ஒப்பந்தங்கள் சுவையானவை. ரூஸ் வணிகர்களுக்கு ஆறு மாதம் ரொட்டி, மது, இறைச்சி, மீன், பழம் இலவசம். எத்தனை முறை வேண்டுமானாலும் குளித்துக்கொள்ளலாம் என்று குளியலுக்குத் தனியாக ஒரு விதி! ஊர் திரும்பப் பாய்மரமும் கயிறும் நங்கூரமும் அரசு செலவு. ஆனால் நகருக்குள் ஒரே வாசல் வழியாக, ஆயுதம் இல்லாமல், ஐம்பது ஐம்பது பேராகத்தான் வர வேண்டும். விருந்தாளியும்தான், சந்தேகக் கேஸும்தான்.

911 ஒப்பந்தத்தில் ரூஸ் தரப்புத் தூதர்களின் பெயர்களைப் பார்த்தால் கார்ல், இங்கெல்ட், ஃபார்லோஃப் என்று வரிசையாக வடநாட்டு வாடை. ஆனால் சத்தியம் செய்ய வேண்டிய நேரம் வந்தால் இவர்கள் கூப்பிட்டது ஓடினையோ தோரையோ கிடையாது. பெரூன், வோலோஸ் என்ற ஸ்லாவியத் தெய்வங்களை! பெயரில் தாத்தா ஊர், நெற்றியில் உள்ளூர்ச் சாமி. கீவை ஆண்ட ஒலெக், இகோர், ஓல்கா என்று மூன்று வடநாட்டுப் பெயர்களுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு ஸ்வியாதோஸ்லாவ் என்று ஸ்லாவியப் பெயரே வைத்துவிட்டார்கள். 971-இல் டான்யூப் கரையில் பைசாண்டியப் பேரரசரைச் சந்திக்க வந்த ஸ்வியாதோஸ்லாவை லியோ என்ற கிரேக்க எழுத்தாளர் வர்ணிக்கிறார். மழித்த தலை, ஒரு பக்கம் மட்டும் தொங்கும் குடுமி, தாடி இல்லாமல் அடர்ந்த மீசை, ஒரு காதில் இரண்டு முத்தும் நடுவே சிவப்புக் கல்லும் வைத்த தங்க வளையம். பேரரசர் தங்கக் கவசத்தில் குதிரை மேல். இவரோ மற்றவர்களோடு சேர்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டு படகில். மற்றத் துடுப்புக்காரர்களின் உடையிலிருந்து ஒரே வித்தியாசம், இவருடையது கொஞ்சம் சுத்தம்!

ஆள் மட்டும்தான் போய்வந்ததா? கதையும் போய்வந்தது. ஒலெக்கின் சாவைக் கேளுங்கள். உன் குதிரையால்தான் உனக்குச் சாவு என்று குறி சொன்னார்கள். குதிரையைத் தள்ளி வைத்தார். அது செத்த பிறகு எலும்பைப் பார்க்கப் போய், இதுவா என்னைக் கொல்லும் என்று சிரித்து மண்டையோட்டை மிதித்தார். உள்ளிருந்து வந்த பாம்பு கொத்திச் செத்தார். ஐஸ்லாந்தில் அம்பு-ஓட் என்ற வீரனைப் பற்றிய சாகா எனும் பழங்கதையிலும் அதே குறி, அதே குதிரை, அதே மண்டையோடு, அதே பாம்பு! இகோரைக் கொன்ற திரெவ்லியர் என்ற கூட்டத்தாரை அவர் மனைவி ஓல்கா பழிவாங்கிய கதையும் அப்படித்தான். முதல் தூதர்களைப் படகோடு உயிருடன் புதைத்தார். அடுத்து வந்தவர்களைக் குளியலறையில் வைத்து எரித்தார். கடைசியில் அவர்கள் நகரத்தில் வீட்டுக்கு மூன்று புறாவும் மூன்று குருவியும் மட்டும் கப்பமாகக் கேட்டு வாங்கி, காலில் கந்தகம் கட்டிக் கொளுத்தி விட்டார். பறவைகள் கூட்டுக்குத் திரும்ப, ஊரே சாம்பல். நோர்வே அரசர் ஹரால்ட் சிசிலியில் ஒரு நகரத்தைப் பிடித்ததாக ஐஸ்லாந்து ஆசிரியர் ஸ்னோரி எழுதுவதும் இதே பறவை வித்தைதான். வரலாறாக இதை நம்பச் சொன்னால் நான் நம்ப மாட்டேன். துடுப்புப் போட்டவர்கள் இரவில் கரையில் உட்கார்ந்து சொன்ன கதைகள் இரண்டு நாட்டிலும் வரலாறாக உட்கார்ந்துகொண்டன என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம்.

862-இல் ரூரிக் என்ற வராங்கியரை உள்ளூர்க்காரர்களே எங்களை ஆள வா என்று கூப்பிட்டார்கள் என்ற கதையையும் அதே பையில் போடலாம். ஆனால் அந்தக் கதை 18-ஆம் நூற்றாண்டில் ஒருவர் பதவியையே பறித்தது தெரியுமா? 1749-இல் பீட்டர்ஸ்பர்க் அகாதெமியில் கெர்ஹார்ட் முல்லர் என்ற ஜெர்மானிய அறிஞர், ரஷ்ய அரசின் தொடக்கத்தில் ஸ்காண்டிநேவியர்கள் இருந்தார்கள் என்று ஓர் உரை தயாரித்தார். அறிவியலாளர் லோமனோசொவ் கொதித்தெழுந்தார். ஸ்வீடன் அப்போது ரஷ்யாவின் பகை நாடு வேறு. உரைக்குத் தடை, அச்சிட்ட பிரதிகள் அழிப்பு, முல்லருக்குப் பதவி இறக்கம். இன்று மண்ணைத் தோண்டுகிறவர்கள் அவ்வளவு சூடாவதில்லை. லடோகாவிலும் ஸ்மோலென்ஸ்க் பக்கத்து க்னோஸ்தொவோவிலும் ஸ்காண்டிநேவிய, ஸ்லாவிய, ஃபின்னியப் பொருள்கள் கலந்தே கிடைக்கின்றன.

ஸ்வியாதோஸ்லாவின் மகன் விளாதிமிரின் தந்திரம் ஒன்று. அண்ணனோடு சண்டை வந்து வடநாட்டுக்கு ஓடி, வராங்கியர்களைக் கூலிக்கு அழைத்து வந்து, 980 வாக்கில் கீவ் நகரைப் பிடித்தார். வேலை முடிந்ததும் அவர்கள் தலைக்கு இரண்டு கிரிவ்னா வெள்ளி கேட்டார்கள். ஒரு மாதம் பொறுங்கள் என்றார். மாதம் போனது, வெள்ளி வரவில்லை. கடுப்பான வீரர்களைக் கான்ஸ்டாண்டினோபிளுக்கு வழி காட்டி அனுப்பிவிட்டு, அதற்கு முன்னாலேயே பேரரசருக்கு ரகசியச் செய்தியும் அனுப்பினார்: வருகிறவர்களை ஒரே இடத்தில் வைக்காதே, பிரித்து வை, ஒருவனையும் திரும்ப இங்கே விடாதே! சம்பள பாக்கியை இவ்வளவு நேர்த்தியாக ஏப்பம் விட்ட முதலாளி அரிது. 988-இல் இதே விளாதிமிர் ஆறாயிரம் வீரர்களைப் பேரரசர் இரண்டாம் பாசிலுக்கு அனுப்பி, பதிலுக்கு அவர் தங்கை அன்னாவை மணந்தார். அந்தப் படையிலிருந்துதான் பேரரசரின் புகழ்பெற்ற வராங்கியர் காவற்படை உருவானது. காவலில் நின்ற ஒருவருக்கு ஹாகியா சோபியா தேவாலய மாடத்தில் பொழுது போகவில்லை போலிருக்கிறது. பளிங்குக் கைப்பிடிச் சுவரில் ரூன் எழுத்தில் ஹால்ஃப்தான் என்று கீறி வைத்தார். 1964-இல் அது கண்ணில் பட்டது. சுற்றுலாத் தலத்துச் சுவரில் பெயர் கிறுக்கும் பழக்கம் எவ்வளவு பழையது பாருங்கள்!

வடநாட்டில் அரியணை போனால் ஓடி ஒளியும் இடமும் ரூஸ் நாடுதான். பிற்காலத்தில் நோர்வே அரசரான ஓலாஃப் டிரிக்வாசன் சிறுவனாக எஸ்டோனியாவில் அடிமையாகச் சிக்கி, ஒரு கிடாவுக்கு விற்கப்பட்டு, பிறகு ஒரு மேலங்கிக்கு விற்கப்பட்டு, கடைசியில் மாமனால் மீட்கப்பட்டு விளாதிமிர் அரண்மனையில் வளர்ந்தார் என்கிறது சாகா.

பறவை வித்தை செய்ததாகச் சொன்ன அதே ஹரால்டின் கதை எல்லாவற்றையும் மிஞ்சியது. 1030-இல் ஸ்டிக்லெஸ்டாட் போரில் அண்ணன் அரசர் ஓலாஃப் (டிரிக்வாசன் அல்ல, இன்னொரு ஓலாஃப்) செத்து விழ, காயத்தோடு தப்பியபோது வயது பதினைந்து. கீவ் போனார். அங்கே ஆண்ட யரோஸ்லாவின் மனைவி இங்கெகெர்ட் ஸ்வீடன் இளவரசி. மகள் எலிசவேதா மேல் ஹரால்டுக்குக் கண். கையில் காசில்லை, ராஜ்யமும் இல்லை. கான்ஸ்டாண்டினோபிள் போய் வராங்கியர் படையில் சேர்ந்து சிசிலி, பல்கேரியா என்று சண்டை போட்டுப் பணமாகக் குவித்து, அதைப் பத்திரமாக வருங்கால மாமனாருக்கே அனுப்பி வைத்தார். கிளம்ப அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை, ராவோடு ராவாக நழுவினார். சாகா மட்டும் சொன்னால் கதை என்று தள்ளிவிடலாம். அதே காலத்துக் கிரேக்க நூல் ஒன்றும் அரால்தேஸ் என்ற பெயரில் இவரது சேவையையும் பதவியையும் ஓட்டத்தையும் குறித்து வைத்திருக்கிறது. கீவ் திரும்பி எலிசவேதாவை மணந்து, 1046-இல் நோர்வே அரசர் ஆனார்.

எல்லோருக்கும் இப்படி வாய்க்கவில்லை. ஸ்வீடனின் உப்லாந்தில் ஷுஸ்டா என்ற இடத்தில் ஒரு கல். எழுப்பியவள் ரூனா என்ற தாய். ஸ்பியால்போதி, ஸ்வெய்ன், ஆந்த்வெத், ராக்னர் என்று தன் நான்கு மகன்களின் பெயர்களையும் அதில் வெட்ட வைத்திருக்கிறாள். மருமகள் சிக்ரிட் தன் கணவன் ஸ்பியால்போதிக்காக அதில் சேர்ந்துகொண்டிருக்கிறாள். அவன் இறந்த இடமும் இருக்கிறது: நோவ்கோரத், ஓலாஃப் தேவாலயம். ஹரால்டின் அண்ணன் அதே ஓலாஃப், செத்த மறுவருடமே புனிதராகி, நோவ்கோரதில் வடநாட்டு வணிகர்களுக்குக் கோயிலும் ஆகிவிட்டிருந்தார்.

ஹரால்டுக்கு வருவோம். 1066 செப்டம்பர் 25. இங்கிலாந்தைப் பிடிக்கப் போன அவரை ஸ்டாம்ஃபோர்ட் பாலத்தில் இங்கிலாந்து அரசர் ஹரால்ட் காட்வின்சன் கொன்றார். பத்தொன்பதே நாளில் அந்தக் காட்வின்சனும் ஹேஸ்டிங்ஸ் போரில் செத்தார். கதை முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! காட்வின்சனின் மகள் கீதா டென்மார்க்கில் உறவினரான அரசர் ஸ்வெய்னிடம் அடைக்கலம் போனாள். அவர் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார். எங்கே? கீவ் அரச குடும்பத்தில்! மாப்பிள்ளை விளாதிமிர் மோனோமாக், எலிசவேதாவின் சொந்தத் தம்பி மகன். அப்பா யாரைக் கொன்றாரோ அவருடைய விதவையின் குடும்பத்துக்கே மகள் மருமகளாகப் போய்ச் சேர்ந்தாள். அவர்களுக்குப் பிறந்த மூத்த மகனுக்கு ரூஸ் நாட்டில் ம்ஸ்திஸ்லாவ் என்று பெயர். வடநாட்டுச் சாகாக்களில் அவனே ஹரால்ட், தாய்வழித் தாத்தா பெயர்.

அந்த ம்ஸ்திஸ்லாவ் ஸ்வீடன் இளவரசி கிறிஸ்டினாவை மணந்து, ஒரு மகளை நோர்வே அரசருக்கும், இன்னொரு மகள் இங்கெபோர்கை டென்மார்க்கின் இளவரசர் க்னுட் லாவார்டுக்கும் கொடுத்தார். 1131 ஜனவரி 7-ஆம் தேதி க்னுட்டைச் சொந்த உறவினனே காட்டுக்குக் கூப்பிட்டுக் கொன்றான். ஒரு வாரம் கழித்து இங்கெபோர்குக்கு ஆண் குழந்தை பிறந்தது. தன் தாத்தா விளாதிமிர் மோனோமாக்கின் பெயரையே வைத்தாள். டேனிய நாக்கில் அது வால்டெமார். அந்தக் குழந்தைதான் பின்னாளில் டென்மார்க்கை ஆண்ட மகா வால்டெமார். அவருக்குப் பிறகு டேனிய அரியணையில் உட்கார்ந்த மற்ற வால்டெமார்கள் அத்தனை பேருக்கும் பெயர் போன வழியும் கீவ் வழிதான்!